பட்டியலில் இல்லாத பெயர்

நாகப்பட்டினத்தில் அந்த நாட்களில் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் இருந்தது. இறந்தவர்கள், காணாமல் போனவர்கள், பெற்றோரை இழந்த பிள்ளைகள், கட்டுமரமும் வலையும் போனவர்கள் என்று தனித்தனியாக. பாய்க்கு ஒரு பட்டியல், மண்ணெண்ணெய் அடுப்புக்கு ஒரு பட்டியல். பெயர் இருந்தால் டோக்கன், டோக்கன் இருந்தால் வரிசை. 2005 ஜனவரி மூன்றாம் வாரம், ஒரு தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளராக அங்கே போய் இறங்கிய எனக்குக் கிடைத்த முதல் வேலையும் பெயர் எழுதுவதுதான். திருச்சியில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வயது 23.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த சுனாமி அலையில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். அதில் 6,000 பேருக்கு மேல் அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும். நான் போனபோது உடல்களை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். அக்கரைப்பேட்டைப் பக்கம் விசைப்படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஊரில் யாரும் கடல் மீன் வாங்கவில்லை. கடலுக்குள் போன உடல்களை நினைத்துச் சாப்பிட மனம் வராது என்றார்கள். நானும் அப்போது மீனை விட்டவள்தான்.

பெயர் எழுதப் போன வீடுகளில், வீடு என்று சொல்ல எதுவும் மிஞ்சாத இடங்களில், ஒரே வாக்கியம் என்னைச் சந்தித்தது. "கையை விட்டுட்டேன்." ஒரு கையில் ஒரு பிள்ளை, மறு கையில் இன்னொன்று, இடுப்பில் ஒன்று. தண்ணீர் இழுக்கிறது. கருவேல மரமோ மின்கம்பமோ கைக்கு அகப்படுகிறது. அதைப் பிடிக்க ஒரு கை வேண்டும். எந்தப் பிள்ளையின் கையை விடுவது என்று அந்த நொடியில் யாரும் யோசித்துத் தீர்மானிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு இரவும் தாங்களே தீர்மானித்துவிட்டதாக நினைத்துத்தான் அந்தத் தாய்மார் படுத்தார்கள்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்திலிருந்து வந்தவர்கள் களப்பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பேச விடு. அழுதால் நிறுத்தாதே. பேசாமல் இருந்தால் பக்கத்தில் உட்கார். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லாதே. கல்லூரியில் படித்ததும் இதேதான். சமூகப் பணி படித்த எவரும் பீஸ்டெக்கின் ஏழு கோட்பாடுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். சிகாகோவில் கற்பித்த ஃபீலிக்ஸ் பீஸ்டெக் என்ற சேசு சபைப் பாதிரியார் 1957இல் எழுதிய புத்தகத்தில் வருபவை அவை. எதிரே இருப்பவரை உள்ளபடி ஏற்றுக்கொள்வது, அவர்மீது தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது, அவர் முடிவை அவரே எடுக்க விடுவது, அவர் சொன்னதைக் காப்பது எல்லாம் அந்த ஏழில் உண்டு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது, தார் ஷீட் கொட்டகைகளின் நடுவே உயிருள்ளதாக ஆனது. "உங்க கை விடலக்கா, தண்ணி இழுத்துச்சு" என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் மனப்பூர்வமாகச் சொன்னேன். சொன்னது உண்மையும்கூட.

அந்தக் கொட்டகைகளைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். தற்காலிகக் குடியிருப்பு என்று பெயர். கறுப்புத் தார் ஷீட்டால் சுவரும் கூரையும். பத்துக்குப் பன்னிரண்டு அடிபோல ஓர் அறை, அடுத்த வீட்டுக்காரர் இருமினால் இங்கே கேட்கும். சித்திரை வெயிலில் பகல் பொழுதில் உள்ளே ஒருவராலும் இருக்க முடியாது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நிழல் தேடி அலைவார்கள். சில மாதங்களுக்கு என்று கட்டிய அந்தக் கொட்டகைகளில் பலர் ஒன்றரை, இரண்டு வருடம் இருந்தார்கள். 2005 ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே ஏறியபோது, தண்ணீரின் சத்தத்துக்கே பிள்ளைகள் வீறிட்டார்கள்.

என் பொறுப்பிலிருந்த குடியிருப்பில் ஆறாவது வரிசையில் ஓர் அக்கா இருந்தார். பெயர் எழுதப் போவதில்லை. ஏழு வயதுப் பெண், நான்கு வயதுப் பையன், இரண்டையும் பறிகொடுத்தவர். அவருக்கு அப்போது 29 வயது. கடைசிப் பிள்ளை பிறந்த கையோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர். அவரைப்போல நிறையப் பேர் இருந்தார்கள். இரண்டோடு போதும் என்று அரசு சொன்னதைக் கேட்டு நடந்தவர்கள். அந்த இரண்டும் ஒரே காலையில் போனது.

தமிழக அரசு ஓர் அறிவிப்புச் செய்தது. இப்படிப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்குக் கருக்குழாயை மறுபடி இணைக்கும் அறுவையை இலவசமாகச் செய்வார்கள், தனியார் மருத்துவமனையில் செய்துகொண்டால் 25,000 ரூபாய் வரை உதவி உண்டு. அதற்கும் ஒரு பட்டியல் வந்தது. கொட்டகைகளில் அதை "குழாய் ஒட்டுற ஆபரேஷன்" என்றார்கள். அக்காவின் பெயரை அந்தப் பட்டியலில் எழுதியது நான்.

அவர் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாதம் ஒன்றுமே சொல்லவில்லை. புருஷன் குடித்துவிட்டு வந்து கொட்டகைக்கு வெளியே மணலில் படுத்திருப்பார். ஒருநாள் நான் கிளம்பும்போது, "போயிட்டு வந்துருவமா புள்ள?" என்றார். அன்று அலுவலகத்துக்கு எட்டு வைத்து நடந்தது இன்றும் நினைவிருக்கிறது. ஒருவருக்கு ஏதோ செய்யப் போகிறோம் என்ற பெருமை எனக்கு.

திருவாரூர் வழியாகத் தஞ்சாவூருக்குப் பஸ். ஆஸ்பத்திரியில் பெண் நோய்ப் பிரிவில் அரை நாள் காத்திருந்தோம். மறைப்புத் துணிக்கு அந்தப் பக்கம் அக்காவைப் பரிசோதித்துவிட்டு வந்த டாக்டர், ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் எனக்குப் படம் போட்டு விளக்கினார். பந்துபோலக் கர்ப்பப்பை, இரண்டு பக்கமும் இரண்டு கோடு. கோட்டின் நடுவே பேனாவால் ஓர் இடைவெளி விட்டார். குழாயை மடக்கிக் கட்டி நடுவே வெட்டியிருப்பார்கள், மிச்சமிருக்கும் இரண்டு முனையையும் மிக நுண்ணிய நூலால் சேர்த்துத் தைக்க வேண்டும், எவ்வளவு நீளம் மிச்சம் என்பதைப் பொறுத்தது, வயதைப் பொறுத்தது, தைத்த இடம் மறுபடி தழும்பு கட்டி அடைத்துக்கொள்ளவும் கூடும். "ஒட்டிடலாம். ஆனா நிக்கும்னு உறுதி சொல்ல முடியாதும்மா" என்றார். பொறுமையான மனுஷி. வெளியே வந்து டீ குடித்தோம். அந்தச் சீட்டை மடித்து என் குயர் நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

2005 ஆகஸ்டில் அறுவை நடந்தது. அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் ஒவ்வொரு மாதமும் அக்காவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். நான்காவது வரிசையில் ஒரு பெண்ணுக்கு நின்றது. பக்கத்துக் குடியிருப்பில் இரண்டு பேருக்கு நின்றது. வளைகாப்புக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வளையல் அடுக்கிய கையோடு அந்தப் பெண் சிரித்தபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷம், கூடவே ஆறாவது வரிசைப் பக்கம் பார்க்க முடியாமல் ஒரு கூச்சம். 2006 செப்டம்பரில் குழாய்க்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு பக்கமும் அடைத்திருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். கீவளூர் தாண்டும்போது, "பரவால்ல புள்ள" என்றார். நான் அவரைக் கொட்டகை வாசலில் விட்டுவிட்டு வந்தேன்.

அதோடு ஆறாவது வரிசைக்குப் போவதை நிறுத்தினேன்.

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஐந்தாவது வரிசை வரை போவேன், ஏதோ அவசரம் வந்துவிடும். ஏழாவது வரிசைக்குச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போவேன். எங்கள் கேஸ் ஷீட்டில் கடைசிக் கட்டம் "அடுத்த சந்திப்பு". அக்காவின் தாளில் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. இரவில் படுத்தால், ஆறியிருந்த ஒன்றை நான் போய்க் கிளறி, ஆசை காட்டி, உடம்பைக் கீறி, மூன்றாவது பிள்ளையையும் அவரிடமிருந்து பறித்துவிட்டேன் என்று தோன்றும். இதே சொற்களில்தான் தோன்றும். விடிந்தால் எழுந்து, தலை சீவி, வேறொரு தாயிடம் "உங்க தப்பு இல்லக்கா" என்று சொல்லப் போய்விடுவேன்.

எங்கள் அலுவலகத்தில் மாலை ஆறு மணிக்குக் கூட்டம். எத்தனை வீடு, எத்தனை பேர், எத்தனை மனு. எண்களைச் சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும். என்னோடு சேர்ந்த ஒரு தம்பி, உடல்களை எடுத்த நாட்களில் தன்னார்வலராக இருந்தவன், சோற்றைப் பிசையும்போது சில நாள் அப்படியே நிறுத்திவிடுவான். ஏன் என்று கேட்டதில்லை. அவன் சொன்னதுமில்லை. 2006 மார்ச்சில் ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பவில்லை. போன் செய்தபோது அவன் அம்மா எடுத்து, "தூங்கறான்மா" என்றார். அவன் பார்த்த வீடுகளும் என் தலையில் வந்தன. அவனைப் பற்றி நாங்கள் சொல்லிக்கொண்டது ஒன்றே ஒன்று: தாக்குப் பிடிக்க முடியவில்லை. இன்று நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. ஊர் பேர் தெரியாத மனிதர்களின் துக்கத்தையெல்லாம் உட்கார்ந்து கேட்ட ஏழெட்டுப் பேர், பக்கத்து நாற்காலியில் இருந்தவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்கு எங்களிடம் ஒரு வாக்கியம் இருந்தது. "நம்ம கஷ்டமெல்லாம் ஒரு கஷ்டமா?" எதிரே இரண்டு பிள்ளைகளை மண்ணில் வைத்தவர் உட்கார்ந்திருக்கிறார். நமக்குத் தூக்கம் வரவில்லை என்பதை எந்த வாயால் சொல்வது? அந்த வாக்கியத்தில் பணிவு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் ஒரு பிழையும் இருந்தது. பரிவு என்பது லாரியில் வந்து இறங்கும் அரிசி மூட்டை, நாம் ஒரு பிடி எடுத்தால் வரிசையில் நிற்கும் யாருக்கோ ஒரு பிடி குறையும் என்பதுபோல நாங்கள் நடந்துகொண்டோம். எல்லோர் பெயரையும் எழுதிய நாங்கள், எங்கள் பெயரை எந்தப் பட்டியலிலும் எழுதவில்லை.

எங்கள் பணியை மேற்பார்வையிட இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை ஒரு சார் வருவார். மனநல மருத்துவமனையில் சமூகப் பணியாளராக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, பையில் ஒரு பென்சில், அதைச் சீவ ஒரு பிளேடு. கேஸ் ஷீட்டுகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார். "இந்தம்மா சண்டைக்காரி" என்று எவராவது எழுதியிருந்தால் அடிக்கோடிட்டு, "சண்டை போடற அளவுக்கு என்ன நடந்துச்சுன்னு எழுதலியே" என்பார். 2007 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அக்காவின் தாள் அவர் கையில் சிக்கியது. அடுத்த சந்திப்பு என்ற கட்டத்தைப் பார்த்தார். ஏழு மாதம். என்னைப் பார்த்தார். நான் அழுதுவிட்டேன். மேஜையில் மற்றவர்கள் இருந்தார்கள்.

அவர் ஆறுதல் சொல்லவில்லை. ஒரு வெற்று கேஸ் ஷீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "26 வயசுப் பெண், சமூகப் பணியாளர். அவங்க கேஸை எழுதிட்டு வா" என்றார். 25 சார் என்றேன். "சரி, 25."

மாடிக்குப் போய் எழுதினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவரிடம் கொடுத்தது அப்படியே நினைவிருக்கிறது. 'பணியாளர் அனுபவமற்றவர். ஆர்வக் கோளாறால் ஒரு பெண்ணுக்குப் பொய்யான நம்பிக்கை கொடுத்து அவருடைய வாழ்க்கையை மேலும் கெடுத்தார். இந்தப் பணிக்குத் தகுதியற்றவர்.' மற்ற கட்டங்களை நான் நிரப்பவில்லை.

படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "பின்னணி எங்கம்மா? குடும்பச் சூழல் காலியா இருக்கு. வேலை நிலைமை காலியா இருக்கு. எடுத்த எடுப்பில மதிப்பீடு. ஒரு குடிகாரனைப் பத்தி இப்படி எழுதிட்டு வந்திருப்பியா நீ?"

எழுதியிருக்க மாட்டேன். அக்காவின் புருஷனைப் பற்றியே என் தாளில் நான்கு வரி பின்னணி இருக்கிறது. அலை வந்தபோது அவர் கடலில் இருந்ததும், கரைக்கு வந்தபோது ஊரே இல்லாமல் இருந்ததும், எதையும் பார்க்காததால் எதையும் நம்ப முடியாமல் குடிப்பதும் எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது முறை எழுத ஒன்றரை மணி நேரம் ஆனது. படர்க்கையில் எழுதினேன், வழக்கமாக எழுதும் நடையிலேயே. பணியாளர் முதல் வேலையிலேயே பேரிடர்க் களத்துக்கு வந்தவர். இருவர் பார்க்க வேண்டிய 186 குடும்பங்களை மார்ச் 2006 முதல் தனியாகப் பார்க்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரை நோய், மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்வருகிறார். கருக்குழாய் அறுவை பற்றி இவருக்கோ நிறுவனத்தில் வேறு எவருக்குமோ எந்தப் பயிற்சியும் கிடையாது. அந்தப் பெண்ணோடு தஞ்சாவூருக்கு ஆறு முறை போயிருக்கிறார். அறுவை நடந்த இரவு வராந்தாவில் படுத்திருந்தார்.

எழுத எழுத, என்னைவிடச் சின்னவளாக ஒருத்தி அந்த வராந்தாவில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்தேன். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்குக் கொசு கடிக்குமே என்றுதான் இருந்தது.

அப்போதுதான் அது வெளியே வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் டீ குடிக்கும்போது அக்கா கேட்டிருந்தார், "டாக்டரம்மா என்ன சொன்னாங்க?" நான் சொன்னேன், "ஒட்டிடலாம்னாங்கக்கா." டாக்டர் சொன்னது இரண்டு வாக்கியம். நான் சொன்னது ஒன்று. அந்த முகத்தில் எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த வெளிச்சத்தை என் கையால் அணைக்க மனமில்லாமல், அடுத்த வாக்கியத்தை டீயோடு விழுங்கிவிட்டேன். ஏழு மாதமாக இரவெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டிருந்தவள், இந்த ஒன்றை மட்டும் ஒருமுறைகூட நினைக்கவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையையே அழித்தவள் என்ற பெரிய குற்றத்தின் நிழலில், அவருக்குச் சேர வேண்டிய ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்ட சின்னக் குற்றம் பத்திரமாக ஒளிந்திருந்தது. பெரியதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. சின்னதற்கு நான் பதில் சொல்ல முடியும், சொல்ல வேண்டும்.

அதையும் எழுதினேன். முடிவு தெரிந்தபின் ஏழு மாதம் போய்ப் பார்க்காததையும் எழுதினேன். சார் படித்துவிட்டு அந்த இரண்டு வரிக்கு மட்டும் பென்சிலால் அடிக்கோடிட்டார். "இதுக்கு என்ன பண்ணப் போற?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

மாடியில் நான் எழுதிப் பார்த்ததற்கு ஆங்கிலத்தில் செல்ஃப் கம்பாஷன் என்று ஒரு பெயர் இருப்பது எனக்குப் பல வருடம் கழித்தே தெரியும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் நெஃப் 2003இல் எழுதிய கட்டுரைகளில் அதை மூன்றாகப் பிரித்துச் சொல்கிறார். தன்னைக் கடிந்துகொள்வதற்குப் பதிலாகத் தன்னிடம் கனிவாக இருப்பது. நமக்கு மட்டும் வந்தது என்று ஒதுங்காமல், தவறுவதும் துன்பப்படுவதும் மனிதர் எல்லோருக்கும் பொது என்று உணர்வது. வலியை மறைக்காமலும் அதில் மூழ்காமலும் அதை உள்ள அளவில் பார்ப்பது. மூன்றாவதைப் படித்தபோது எனக்குச் சாரின் பென்சில்தான் நினைவுக்கு வந்தது. தன்னிடம் பரிவு காட்டினால் மனிதர் சோம்பிவிடுவார் என்ற பயத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள். பிரைன்ஸ், சென் என்ற இருவர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் தவறைப் பரிவோடு பார்க்கத் தூண்டப்பட்டவர்களிடம்தான் அதைத் திருத்திக்கொள்ளும் முனைப்பு கூடியிருந்தது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. என்னைத் திட்டிக்கொண்டிருந்த ஏழு மாதமும் நான் ஆறாவது வரிசைக்குப் போகவில்லை.

இப்போது நான் சமூகப் பணி மாணவர்களுக்குக் களப்பயிற்சி தருகிறேன். அந்தச் சொல்லைத் தமிழில் சொல்லப் போனால் இடறுகிறது. தன்னிரக்கம் என்றால் மாணவர்கள் முகம் சுளிக்கிறார்கள். தன்னிரக்கத்தில் மூழ்காதே என்றுதான் நாம் எப்போதும் பேசியிருக்கிறோம். மூலையில் உட்கார்ந்து என் தலைவிதி என்று புலம்புவது என்ற பொருள் அதில் ஏறிவிட்டது. கழிவிரக்கம் என்ற சொல்லோ நடந்து முடிந்ததை நினைத்துக் குமைவதைக் குறிக்கிறது. இரண்டும் நான் அந்த ஏழு மாதம் செய்தவை. மாடியில் அந்த ஒன்றரை மணி நேரத்தில் செய்ததற்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இல்லை. தன்பரிவு என்று நான் சொல்லிக்கொள்கிறேன். சொல் பிடிக்காவிட்டால் பரவாயில்லை, பின்னணியை நிரப்பு என்கிறேன். அது அவர்களுக்கு உடனே புரிகிறது.

இந்த வேலையில் வரும் சோர்வுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். சார்ல்ஸ் ஃபிக்லி 1995இல் ஒரு புத்தகமே தொகுத்தார், பிறர் துயரைச் சுமந்து சுமந்து பரிவே வற்றிப்போகும் நிலை பற்றி. அந்தத் தம்பிக்கு நடந்தது அதுதான் என்று இன்று சொல்வேன். அன்றே அந்தப் பெயர் தெரிந்திருந்தாலும் எங்களுக்கு அது போதியிருக்காது. ஒரு பணியாளருக்கு 186 குடும்பம் என்பது மனப்பக்குவத்தால் சரிசெய்யக் கூடியதல்ல, இன்னொரு ஆளை நியமித்துச் சரிசெய்ய வேண்டியது. மூச்சைக் கவனி, தன்னை நேசி என்று பயிற்சி கொடுத்துவிட்டு, அதே சம்பளத்தில் அதே சுமையை ஏற்றி அனுப்பும் இடங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. என் கேஸ் ஷீட்டில் வேலை நிலைமை என்ற கட்டத்தைச் சார் நிரப்பச் சொன்னது இதற்காகவும்தான் என்று நினைக்கிறேன். எது என் குறை, எது என்மீது ஏற்றிய சுமை என்று பிரித்துப் பார்த்த பிறகுதான், இன்னொரு ஆள் வேண்டும் என்று மாலைக் கூட்டத்தில் என்னால் வாய் திறந்து கேட்க முடிந்தது. ஜூனில் ஓர் ஆள் வந்தார்.

சார் அடிக்கோடிட்ட அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். அதற்குள் அவர்கள் நிரந்தர வீட்டுக்கு மாறியிருந்தார்கள். வெளிர்நீலச் சுவர், கதவில் பெயின்ட்டால் எழுதிய எண். கொல்லைப்புறத்தில் கால் நீட்டி உட்கார்ந்து சங்கரா மீனைச் செதில் உரித்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை செதில் ஒட்டி மின்னியது. நிமிர்ந்து பார்த்தார். பலகையை நகர்த்திப் போடவில்லை. நான் மண்ணிலேயே உட்கார்ந்தேன்.

"அக்கா, அன்னைக்கு டாக்டரம்மா ரெண்டு விஷயம் சொன்னாங்க. நான் உங்ககிட்ட ஒண்ணுதான் சொன்னேன்" என்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம்.

கத்தி நிற்கவில்லை. "தெரைத்துணிக்கு அந்தப் பக்கம் சீலைய சுத்திக்கிட்டு நின்னது யாரு? நாந்தான? எனக்குக் காது கேக்காதா?" என்றார். ஒரு மீனை முடித்து அடுத்ததை எடுத்தார். "நிக்கும்னு சொல்ல முடியாதுன்னாங்க. நிக்காதுன்னு சொல்லலியே. அதாம் போனேன். நீ ஒண்ணும் இழுத்துக்கிட்டுப் போவல."

நான் பேசாமல் இருந்தேன். அவர் முடிவை அவரே எடுக்க விட வேண்டும் என்று பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியவள் நான். அவர் எடுத்த முடிவை ஒன்றேமுக்கால் வருடம் என்னுடையதாகவே நினைத்துச் சுமந்திருக்கிறேன்.

"எனக்குக் கோவம் அதில்ல," என்றார். இப்போது கத்தி நின்றது. "எக்ஸ்ரே எடுத்த அன்னைக்கு வாசல்ல விட்டுட்டுப் போன. அப்புறம் ஆளக் காணும். பின்பக்கமா சுத்திப் போறத நான் பாக்கலன்னு நெனச்சியா? அந்தாளு குடிச்சுட்டுக் கெடக்கு. எங்கம்மா செத்துப் போச்சு அலையில. நான் யாருகிட்ட புள்ள அழுவுறது?"

அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் நான் எழுந்து ஓடியிருப்பேன், அல்லது அவரைவிட அதிகமாக அழுது அவரே என்னைத் தேற்றும்படி செய்திருப்பேன். அன்று உட்கார்ந்திருக்க முடிந்தது. "தப்புதாங்கா" என்றேன். அவர் திட்டி முடிக்கும் வரை இருந்தேன். அதற்கு வெகுநேரம் ஆனது. பிறகு பையனைப் பற்றிப் பேசினார். அவனுக்குச் சங்கரா பிடிக்கும், முள் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றார். எங்கள் இரண்டு வருடப் பழக்கத்தில் அவர் பையனைப் பற்றித் தானாகப் பேசியது அன்றுதான். வெயில் கொல்லையை விட்டு இறங்கும் வரை பேசினார்.

சாயங்காலம் அலுவலகத்துக்கு வந்து அவருடைய தாளை எடுத்தேன். நோட்டுக்குள்ளிருந்து அந்த ஓ.பி. சீட்டு நழுவி விழுந்தது. அதைத் தாளோடு சேர்த்துக் குத்தினேன். தேதி போட்டு, இல்லச் சந்திப்பு என்று எழுதி, நடந்ததை எழுதினேன். கடைசிக் கட்டத்தில், அடுத்த சந்திப்பு: வெள்ளிக்கிழமை, காலை 11 மணி, அவர் மீன் விற்றுவிட்டு வந்தபின்.